காதர் பெயரில் விழுந்த பெட்டி

இன்று காலை எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் பத்தே நிமிடத்தில் ஒரு பிழையைப் பிடித்துவிட்டாள். நெட்வொர்க் கார்டை எத்தனை பேர், அதாவது எத்தனை நிரல் துண்டுகள், கையில் வைத்திருக்கிறார்கள் என்று கணினியின் அடித்தள மென்பொருளான கெர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கும். எடுத்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், பூஜ்யமானால்தான் கார்டைக் கழற்றலாம். எடுத்துவிட்டு விடாத ஆள் யார் என்று இப்போதெல்லாம் கெர்னலே காட்டிக் கொடுத்துவிடுகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஒரு நொடி பிந்தி.

மும்பை செம்பூரில் எங்கள் பழைய கம்பெனி மாடியில் ஜன்னலைத் திறந்தால் டிராம்பே பக்கத்து எண்ணெய் ஆலை வாடை வரும். இன்றும் அந்த வாடை மூக்கில் பட்டால் தலைவலியும் காதரின் நினைப்பும் சேர்ந்தே வரும். காதர் தமிழர்கள் நெருங்கி வாழும் மாட்டுங்கா லேபர் கேம்பில் பிறந்தவன். தமிழில் கடை போர்டு படிக்கவே திணறுவான், பேச்சு மட்டும் அசல் திருநெல்வேலி. ஆஸ்பத்திரிகளுக்கான நெட்வொர்க் பெட்டிக்கு நாங்கள் இருவரும்தான் கெர்னல் மாட்யூல், அதாவது கெர்னலோடு ஒட்டிக்கொள்ளும் நிரல், எழுதினோம். முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார்: அவரவர் எழுதும் ஃபங்ஷனின், அதாவது நிரல் பகுதியின், பெயருக்கு முன்னால் அவரவர் பெயரை ஒட்ட வேண்டும். யாரைத் திட்டுவது என்று தேட வேண்டாம் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை என்றார். பெட்டியோ, கார்டைக் கழற்றினால் 'இன்னும் ஒருவர் விடவில்லை, காத்திருக்கிறேன்' என்று பத்து விநாடிக்கு ஒருமுறை திரையில் எழுதிக்கொண்டே இருந்தது. நான்கு நாள் தேடினோம். நான் மானிட்டருக்குத் திருநீறுகூடப் பூசினேன்.

"சும்மா கணக்க சரிகட்டிராதல. எடுத்தவன் எவன்னு பாரு" என்றான் காதர்.

வியாழன் மதியம் அவன் சாப்பிடப் போனபோது கூடாதென்றதையே நான் செய்தேன். எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும் வரி ஒன்றைச் செருகினேன். செய்தி நின்றது.

"எங்கல இருந்துச்சு?" என்றான் காதர் திரும்பி வந்து.

"என் பக்கந்தான். சின்னது."

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பெட்டி செத்தது. ஏதாவது தப்பு நேர்ந்தால்தான் எண்ணிக்கையில் ஒன்று மிஞ்சும். என் வரியோ எல்லா நேரமும் ஒன்றைக் குறைத்தது. ஒருவர் கையில் வைத்திருக்கும்போதே எண்ணிக்கை பூஜ்யமாகி, கெர்னல் அந்த நினைவக இடத்தைக் காலி செய்துவிடும். அதற்குப் பிறகு அதைத் தொடுகிறவன்தான் விழுவான். தொட்டது காதரின் ஃபங்ஷன். திரையில் அவன் பெயர்.

"உன் பேர்தானேப்பா நிக்கறது? நாளைலேர்ந்து வராதே" என்றார் முதலாளி.

காதர் என் பக்கம் திரும்பினான். "நீ எதத் திருத்துன? அத ஒருக்கா சொல்லேம்ல."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை.

மறுவாரம் உண்மையான பிழை கிடைத்தது. என் ஃபங்ஷன்தான். தப்பு நேர்ந்து பாதியில் திரும்பும் வழியில், எடுத்ததை விட மறந்திருந்தேன். அதைத் திருத்தி, செருகிய வரியையும் நீக்கிவிட்டு, 'சிறு சீரமைப்பு' என்று குறிப்பெழுதினேன்.

சொல்லிவிடலாம் என்று பல வருடம் கழித்து லேபர் கேம்ப் போனேன். அவன் வீடிருந்த சந்தே இல்லை, தகர வேலிக்குள் அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். அவன் நம்பரில் யாரோ ஒரு மராத்தி அம்மாள் பேசினாள். கம்பெனி அதற்கு முன்பே மூடியாயிற்று. எந்த வரியை யார் எழுதினார் என்று தேதியோடு வைத்திருந்த சர்வரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.