மகளுக்குக் கொடுத்த மெரூன் பீரோ

1. தகடு

என் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணச் சீருக்குப் பீரோ வாங்க என் மனைவி என்னை ஒரு ஷோரூமுக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த ஒரு பீரோவின் கதவை விரல் முட்டியால் தட்டினேன். தகர டப்பா மாதிரிச் சத்தம் கேட்டது. விற்பனையாளர் முறைத்தார்.

"என்ன சார், தேங்காயா வாங்க வந்தீங்க?"

"தேங்கான்னா உள்ள ஏதாச்சும் இருக்கும், தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பழைய பீரோவை வாங்கிப் புதுசாக்கி விற்பது என் தொழில். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் திண்டுக்கல்லில் என் அளவுக்கு இந்த வேலை தெரிந்தவன் இன்றைக்கும் கிடையாது. கன்னிவாடியில் ஒரு வீட்டிலிருந்து எடுத்துவந்த பீரோ பட்டறையில் கிடந்தது. பதினெட்டு கேஜ் கனத் தகடு. நாலு ஆள் இல்லாமல் நகராது. மகளுக்கு அதுதான் என்று முடிவு செய்தேன்.

பழைய பெயின்டைத் தகடு தெரியும்வரை சுரண்டினேன். மற்றவர்கள் பள்ளத்தில் பட்டிப் பசையை அப்பி மறைப்பார்கள். இரண்டு கோடையில் அது வெடித்து உதிரும். நான் உள்ளேயிருந்து தட்டி நிமிர்த்தினேன். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். கீல், பூட்டு, கண்ணாடி எல்லாம் மாற்றினேன். பிரைமர் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கம்ப்ரசரில் மெரூன் பெயின்ட் அடித்தேன். ஒற்றை விரலால் தள்ளினால் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும்.

என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "சம்பந்தி வீட்டுல போயி இது பழசுன்னு யார்ட்டயும் மூச்சு விட்றாதீக."

2. வாய்

சம்பந்தி வீடு நெய்க்காரப்பட்டிப் பக்கம். கல்யாணம் முடிந்து ஸ்டெல்லாவைக் கொண்டுபோய் விட்டபோது சீரையும் இறக்கினோம். வந்தவர்கள் எல்லாரும் பீரோவைத்தான் சுற்றி நின்றார்கள். சம்பந்தியம்மா கதவைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, எந்தக் கடைங்க? இத்தனை கனத்துல நாங்க பார்த்ததே இல்லீங்க."

நான் பட்ட பாட்டுக்குக் கடைக்காரன் பேர் வாங்குவதா? என்னால் பொறுக்க முடியவில்லை.

"கடையா? இம்புட்டும் ஏங் கை வேலை! கன்னிவாடியில ஒரு வீட்டுல வருசக் கணக்காக் கெடந்த பீரோ இது. பழசுன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்!"

யாரும் சொல்லவில்லை. சம்பந்தியம்மா கதவிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். பின்னால் நின்ற அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சிரித்தார்.

"பொண்ணாச்சும் புதுசு தானுங்களே?"

கல்யாணப் பட்டோடு நின்ற ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் வேனில் ஏறும்போதுதான் என் பக்கத்தில் வந்தாள்.

"செத்த நேரம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்லப்பா. நீங்க கிளம்பிருவீங்க. நானில்ல இங்க இருக்கணும்."

3. மோட்டார் ரூம்

அடுத்த முறை போனபோது அவள் அறையில் கடைப் பீரோ ஒன்று நின்றது. என்னுடையது தோட்டத்து மோட்டார் ரூமில், உள்ளே உரமூட்டைகளோடு. யூரியா தகட்டை அரித்துத் தின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. விரலால் தள்ளிப் பார்த்தேன். அப்போதும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

போன வருஷம் கடைப் பீரோவின் கதவு இறங்கிவிட்டது. ஸ்டெல்லா பழனியிலிருந்து ஒரு டிங்கரைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டாள். கேள்விப்பட்டுப் போன் செய்தேன்.

"அப்பன் ஒருத்தன் இந்தத் தொழில்ல இருக்கறது மறந்து போச்சாம்மா?"

"மறக்கலப்பா. அந்த ஆளு வந்தாரு, வேலய முடிச்சாரு, பேசாமப் போயிட்டாரு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பட்டறையைத் தாண்டிய பீரோவில் துணிமணியோடு ஒரு குடும்பத்தின் மானமும் இருக்கிறது. அதன் முன்னால் நின்றுகொண்டு உங்கள் கைவேலையைப் பேசாதீர்கள். என் வேலையில் ஒரு குறையும் கிடையாது. இதை இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், ஸ்டெல்லாவிடம் தவிர.