மூணாவது தொப்பி

எங்க வீட்டுக்காரர் ஹாலிஸ் டீகில் முப்பத்தொரு வருஷமா செப்டிக் டேங்க் சுத்தம் பண்றவர். ஹிக்கரி ஸ்பர் ஊர்ல யாரு என்ன சாப்பிடறாங்க, யாரு குடியை விட்டுட்டேன்னு பொய் சொல்றாங்கன்னு பாதிரியாரை விட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். ஆனா வெளிய ஒரு வார்த்தை விடமாட்டார். கேட்டா "தொழில் தர்மம், வெர்னா"ம்பார். மனுஷனுக்குக் குடி இல்ல, சீட்டு இல்ல. இருந்த ஒரே பைத்தியம் பெல்லமி ஸ்டேட் காலேஜ் ஃபுட்பால் டீம். காலால ஒதைக்கறது இல்ல, பந்தைக் கையில புடிச்சுக்கிட்டு முட்டி மோதி ஓடற எங்க ஊரு ஃபுட்பால்.

அந்தக் காலேஜுக்கு அவர் படிக்கப் போனதில்ல. அடைச்சுக்கிட்ட குழாயை எடுத்துவிட ரெண்டு தடவை போயிருக்கார், அவ்வளவுதான். ஆனா வாயைத் திறந்தா "நாம ஜெயிச்சோம்", "நம்ம பசங்க"தான். டீமுக்குப் பேரு ஆமைங்க. ஆமைன்னு பேரு வச்சுக்கிட்டு ஓடற விளையாட்டுல எறங்கினா எப்படிங்க உருப்படும்? பக்கத்து மாநிலத்துல ஒரு காலேஜ் இருக்கு, அவனுங்க பேரு கோவேறு கழுதைங்க. பத்தொம்பது வருஷமா ஒவ்வொரு நவம்பரும் கழுதைங்க ஆமைங்களை மிதிமிதின்னு மிதிச்சு அனுப்பும். அன்னிக்கி எங்க வீட்ல எழவு விழுந்த மாதிரி இருக்கும். எங்க மக கல்யாணத்துக்குத் தேதி குறிச்சப்ப, "கழுதை மேட்ச் அன்னிக்கா வைக்கணும்?"னு கேட்ட புண்ணியவான் இவர். அவ இப்ப அட்லாண்டாவுல இருக்கா. அப்பாவுக்கு என்ன தொழில்னு மாமியார் கேட்டதுக்கு, "சுற்றுச்சூழல்"னு சொல்லி வச்சிருக்கா.

முன்னெல்லாம் காலேஜ் வீரனுக்கு ஒரு வேளைச் சோறு வாங்கிக் குடுத்தாலே குத்தம். மழையில நனைஞ்சுக்கிட்டு நடந்த ஒரு பையனை ஹாலிஸ் லாரியில ஏத்தி விடுதியில எறக்கி விட்டார். அதுக்கு, 'இனிமே எங்க வீரர்கள் பக்கமே வராதே'ன்னு காலேஜ்லேர்ந்து கடுதாசி வந்துச்சு. இப்ப காலம் தலைகீழாப் போச்சு. பையனோட பேரையும் மூஞ்சியையும் விளம்பரத்துல போட்டுக்கிட்டு எவ்வளவு வேணா அள்ளிக் குடுக்கலாமாம். மெத்தைக் கடைக்காரன் குடுக்கறான், கார் விக்கறவன் குடுக்கறான், ஆக்சிடென்ட் கேஸ் வக்கீல் குடுக்கறான். எந்தப் பையன் எந்தக் காலேஜுக்குப் போவான்ங்கறதை இப்ப முடிவு பண்றது இவனுங்கதான். பதினேழு வயசுப் பயலுக்கு ஏஜென்ட்டு. மீசையே முளைக்கல, ஏஜென்ட்டு!

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே அப்படி ஒரு பையன் வந்து வாய்ச்சான். கெட்ரிக் பூன். ஆறரை அடி, நூத்தி நாப்பது கிலோ. அவன் பந்தைத் தொடவே மாட்டான். பந்து வச்சிருக்கவனைத் தொட வர்றவனுங்களை நிறுத்தறதுதான் அவன் வேலை. அவங்க அம்மா லவோனியா பள்ளிக்கூட பஸ் ஓட்டறவ. புருஷன் கிடையாது. லாரிப் பெட்டி மாதிரி இருக்கற ஒரு வாடகை டிரெய்லர் வீட்ல ரெண்டு பேரும் குடியிருந்தாங்க. பையன் குனிஞ்சுதான் உள்ள போவான், குனிஞ்சுதான் வெளிய வருவான்.

மார்ச் மாசம் பல் டாக்டர் ஸ்ட்ராட்டன் எங்க வீட்டுக்கு வந்தார். ஆமைங்களுக்குப் பையன் புடிக்கப் பணம் திரட்டற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

"ஹாலிஸ், கெட்ரிக்குக் கழுதைங்க புது பிக்கப் வண்டி தர்றாங்களாம். நம்ம ஊர்ப் பையனை அவனுங்க ஓட்டிட்டுப் போறதைப் பாத்துக்கிட்டு நிக்கப்போறியா?"

"நான் என்ன டாக்டர் செய்யணும்?"

"உன்னால முடிஞ்சதைக் குடு. ஆனா ஒண்ணு. காலேஜுல சேரறதுக்காகப் பணம்னு மட்டும் வாயைத் திறந்து சொல்லிடாதே. அது சட்டப்படி தப்பு. செய்யற வேலைக்குத்தான் பணம்."

"என்ன வேலை?"

"என்னவோ ஒரு வேலை! உன் லாரி முன்னாடி நின்னு பல்லைக் காட்டட்டுமே."

எங்க ஆளு பதினெட்டாயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். லாரிக்குப் புது பம்பு வாங்கச் சேத்து வச்ச காசு அது. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "ஹாலிஸ், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? பழைய பம்பு காசநோய்க்காரன் மாதிரி இருமுது. அது நின்னா நீ வாளியில அள்ளப்போறியா?"ன்னு கத்தினேன். "இந்த ஒரு பையன் வந்தா கழுதைங்களை ஜெயிச்சுடலாம் வெர்னா. சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும்"னார். குழந்தை மாதிரி கெஞ்சினார். ரெண்டு நாள் அவரோட நான் பேசல.

கூத்து அதுக்கப்புறம்தான். மத்தவங்க எல்லாருக்கும் 'வேலை'ன்னா ஒரு ஃபோட்டோ. எங்க ஆளுக்கு வேலைன்னா வேலை. ஒப்பந்தப் பேப்பர்ல எட்டு சனிக்கிழமைன்னு எழுதியிருந்துச்சு. மொத சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு டிரெய்லர் வாசல்ல போய் ஹாரன் அடிச்சார். லவோனியா எனக்கு ஃபோன் போட்டா.

"மிஸ் வெர்னா, உங்க வீட்டுக்காரர் எம்புள்ளையை எங்க கூட்டிட்டுப் போறார்?"

"வேலைக்கும்மா."

"நெஜ வேலைக்கா? மெத்தைக் கடைக்காரர் அஞ்சு நிமிஷம் படுத்துக்கோன்னுதானே சொன்னார்!"

என் தலையெழுத்துன்னு சொல்லி ஃபோனை வச்சேன்.

ஏப்ரல், மே மாசத்துல காலேஜ் கோச்சுங்களுக்கு ஒரு விதி உண்டு. பையனைப் பாக்கலாம், வணக்கம் சொல்லலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக்கூடாது. வேற சமயத்துல பேசிக்கணும். அதனால அவன் கண்ணுல படறதுக்காகவே எங்கெங்கேர்ந்தோ பறந்து வருவானுங்க. பையன் பள்ளிக்கூட மைதானத்துல இருந்தா அங்க வந்து நிப்பானுங்க. இவன் கிழவி யூபேங்க்ஸ் வீட்டுப் பின்பக்கம் டேங்க் மூடியைத் தூக்கிக்கிட்டு இருந்தா எங்க வருவானுங்க? அங்கதான் வந்தானுங்க. வேலி ஓரமா நாலு கோச்சு. கழுதைங்களோட தலைமைக் கோச்சு வெள்ளைச் சட்டையில வந்திருந்தான். அவனுக்கு வருஷத்துக்கு எழுபது லட்சம் டாலர் சம்பளம்.

"குட் மார்னிங், கெட்ரிக்"னான். சொல்ல அனுமதிச்சதை சொல்லியாச்சு. இனி பேச முடியாது. சும்மா நின்னா அன்பு எப்படித் தெரியும்? குடுகுடுன்னு ஓடி வந்து குழாயோட ஒரு முனையைத் தூக்கிப் புடிச்சான். அதைப் பாத்த ஆமைங்க கோச்சு விடுவானா? அவனும் பாய்ஞ்சு நடுவுல புடிச்சான். மத்த ரெண்டு பேரும் புடிச்சாங்க. ஒருத்தனும் பேசல. எல்லாரும் பையனைப் பாத்து சிரிக்கறானுங்க, ஆளுக்கொரு பக்கம் இழுக்கறானுங்க. கிழவி கவுனோட வெளிய வந்து பாத்துட்டு, "ஹாலிஸ், ஒரு டேங்க்குக்கு இத்தனை ஆளா? பில்லு எவ்வளவுப்பா வரும்?"னு பதறிட்டா.

இழுத்த இழுப்புல குழாய் கழண்டுது. வெள்ளைச் சட்டை வெள்ளைச் சட்டையா இல்ல. அந்தக் கோச்சு மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, அப்பவும் கெட்ரிக்கைப் பாத்துப் பல்லைக் காட்டினான். அதுக்குத்தான் எழுபது லட்சம் போல.

எட்டு சனிக்கிழமை முடிஞ்சுது. ஒம்பதாவது சனிக்கிழமை ஹாலிஸ் லாரியை எடுக்கறப்ப பையன் வாசல்ல நிக்கறான்.

"ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சே தம்பி?"

"தெரியும் சார். சும்மாதான் வந்தேன்."

அப்புறம் வாரம் தவறல. மத்தியானம் ரெண்டு பேரும் லாரிப் படியில உக்காந்து வேகவச்ச கடலையை உரிச்சுத் திம்பாங்க. ஒருநாள் நான் சாப்பாடு கொண்டு போனப்ப பையன் சொல்லிக்கிட்டு இருந்தான்: "எல்லாரும் நான் எவ்வளவு பெறுவேன்னே பேசறாங்க சார். நீங்க ஒருத்தர்தான் 'மூடியைத் தூக்கு'ங்கறீங்க." ஹாலிஸ் "மூடியைத் தூக்கத்தானே வந்திருக்கே"ன்னார். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

டிசம்பர்ல கையெழுத்து நாள் வந்துச்சு. பள்ளிக்கூட ஜிம்முல ஊரே கூடியிருந்துச்சு. டி.வி.க்காரங்க வேற. வழக்கம் என்னன்னா, பையன் அம்மாவோட மேஜையில உக்காருவான். கூப்பிட்ட காலேஜுங்களோட தொப்பி எல்லாம் முன்னால இருக்கும். எதை எடுத்துப் போட்டுக்கறானோ அந்தக் காலேஜ். கெட்ரிக் முன்னால பச்சையில ஆமைத் தொப்பி, கருப்புல கழுதைத் தொப்பி. ஓரமா மூணாவதா எங்க கம்பெனியோட காப்பிக் கலர் தொப்பி. பொது நிகழ்ச்சியில நிறுவனத் தொப்பி தெரியணும்னு டாக்டரோட வக்கீல் ஒப்பந்தத்துல எழுதித் தொலைச்சிருந்தான். அதுல, 'டீகில் செப்டிக்: உங்க பாரம், எங்க பொறுப்பு'ன்னு போட்டிருக்கும்.

பையன் கை பச்சைத் தொப்பி பக்கம் போச்சு. ஹாலிஸ் என் விரலை நசுக்கிட்டார். கை அதைத் தாண்டிப் போச்சு. கருப்பையும் தாண்டிப் போச்சு. காப்பிக் கலர் தொப்பியை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு, மைக்குல நிதானமா, "நான் டீகில் செப்டிக்ல சேரப்போறேன்"னான்.

அப்புறம் பல் டாக்டர் எழுந்திருச்சார்.

"நாங்க பேசின ஆறு லட்சம் போதலையா? ஏழு! என் கிளினிக் விளம்பரத்துல ஒரு தடவை சிரிச்சாப் போதும், ஏழு!"

கழுதைங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தன், "ஏழரை! செருப்புக் கடைத் திறப்பு விழாவுக்கு!"ன்னான்.

"எட்டு! சிரிக்கக்கூட வேணாம், வாயைத் திறந்தாப் போதும்!"

"எட்டரை! கடைக்கு வரவே வேணாம்!"

சேரறதுக்காகப் பணம்னு ஒருத்தன் சொல்லல பாருங்க, எல்லாம் வேலைக்குத்தான். டி.வி.க்காரப் பொண்ணு மைக்கைத் தூக்கிட்டு எங்ககிட்ட ஓடி வந்தா. "டீகில் செப்டிக் எவ்வளவு தர்றாங்க சார்?"

ஹாலிஸ் எழுந்து நின்னார். "மணிக்கு இருபத்திரெண்டு டாலர் மேடம். மதியச் சாப்பாடு நம்மளது."

ஜிம்மே சிரிச்சுது. அவருக்கு அது காதுல விழல. அந்த மூஞ்சியை நான் எங்க கல்யாணத்தன்னிக்கிக் கூடப் பாத்ததில்ல. பெத்த மகளே சுற்றுச்சூழல்னு மூடி மறைச்ச தொழிலை, ஊர் பாக்க ஒருத்தன் தலையில வச்சுக்கிட்டான். அந்த நிமிஷம் ஆமைன்னா என்னன்னு கேட்டிருந்தா முழிச்சிருப்பார்.

டாக்டர் தொண்டை கிழியக் கத்தினார்: "ஒம்பது லட்சம்!"

லவோனியா மகனோட கை மேல கையை வச்சா. பதினாலு வருஷமா ஊரான் புள்ளைங்களை பஸ்ஸுல ஏத்தி எறக்கின கை. பையன் அந்தக் கையையே பாத்தான், அப்புறம் ஹாலிஸைப் பாத்தான். டாக்டர் எங்ககிட்ட வந்து, "போய்ச் சொல்லுய்யா ஹாலிஸ், நீ சொன்னாக் கேப்பான். நம்ம டீமுய்யா!"ன்னு அவரைத் தள்ளினார்.

ஹாலிஸ் மேஜைகிட்ட போனார். நானும் பின்னாலயே போனேன்.

"நான் விளையாட்டுக்குச் சொல்லல சார்."

"தெரியும் தம்பி."

"நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்துடறேன்."

வான்னு சொல்லிடுய்யான்னு எனக்கே வாய் வரைக்கும் வந்துச்சு. பம்பாவது ஒண்ணாவது.

ஹாலிஸ், "குனி"ன்னார். பையன் குனிஞ்சான். காப்பிக் கலர் தொப்பியை எடுத்துட்டுப் பச்சைத் தொப்பியை மாட்டினார். "அம்மாவுக்கு மொதல்ல ஒரு வீடு வாங்கு. வாங்கறதுக்கு முன்னாடி டேங்க் எங்க இருக்குன்னு பாரு"ன்னார்.

ஜிம்மு இடிஞ்சு விழற மாதிரி சத்தம். ஹாலிஸைத் தோள்ல தூக்கிக்கிட்டு ரெண்டு சுத்து சுத்தினாங்க. ஆயுசுக்கும் பல்லு சுத்தம் பண்றது இலவசம்னு டாக்டர் அறிவிச்சார். லாரிக்கு வந்து உக்காந்ததும் மனுஷன் அழுதார். "கேட்டது கெடைச்சுதே, இன்னும் என்னய்யா?"ன்னேன். "கெடைச்சுது"ன்னுட்டு இன்னும் அழுதார்.

போன நவம்பர் கழுதை மேட்சுக்கு டாக்டர் முன் வரிசையில ரெண்டு சீட்டு குடுத்தார். மொத வருஷத்துலயே கெட்ரிக்கை எறக்கியிருந்தாங்க. கடைசி நிமிஷத்துல அவன் மேல மூணு பேரு வந்து மோதினானுங்க. அவன் நகரல. பந்தோட போனவன் கோட்டைத் தாண்டினான். ஆமைங்க ஜெயிச்சுட்டாங்க, இருபது வருஷத்துல மொத தடவை! எண்பதாயிரம் பேரு எழுந்து கத்தறான். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் என்னைக் கட்டிப் புடிச்சு முத்தம் குடுத்துட்டான். நானும் அழுதேன், கத்தினேன், யாரோட கடலையையோ தட்டி விட்டேன்.

ஹாலிஸ் மட்டும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அசையாம நின்னார். கீழ குவியலா விழுந்து கெடந்தவங்கள்ல ஒவ்வொருத்தனா எழுந்திருக்கறான். அடியில கெட்ரிக். அவன் கையை ஊனினான், ஒரு முட்டியை மடக்கினான், இன்னொரு முட்டியை மடக்கினான், மெதுவா எழுந்து ரெண்டு அடி நடந்தான். அதுக்கப்புறம்தான் எங்க ஆளு மூச்சு விட்டார்.

வீட்டுக்கு வர்ற வழியில கூட்டத்துல மாட்டி ரொம்ப நேரம் வண்டி நகரல. நான்தான் ஓட்டினேன். பாதி தூரம் வந்தப்புறம், "யாரு ஜெயிச்சா, வெர்னா?"ன்னு கேட்டார்.