ஒரே மலைக்கு இரண்டு படங்கள்

என் பெயர் இன்னும் அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. பேரையூர்ப் பக்கம் யாராவது அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு திட்டினால், அந்தத் திட்டில் எனக்கும் பங்கு உண்டு. நான் எழுதியது அதுவல்ல என்று இனி யாரிடம் போய் விளக்குவது?

தாவரவியலில் முனைவர் பட்டம் முடித்து, நிரந்தர வேலை எதுவும் அமையாமல் அலைந்துகொண்டிருந்தபோது, காளவாசலைத் தாண்டி இருந்த ஒரு கல்லூரியில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். எங்கள் வீடு கோரிப்பாளையத்தில். கீழே அத்தாவின் மெத்தைக் கடை, மேலே நாங்கள். காலையில் பாலத்து நெரிசலில் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்துக் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பிலிருக்கும் தண்ணீரெல்லாம் வற்றிவிடும். ஆனாலும் சந்தோஷமாகத்தான் போனேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பேரையூருக்கு மேற்கே இருக்கும் வறண்ட மலைச்சரிவில் ஒரு காடு இருக்கிறது. வெயில் கூடி, மழை முறை மாறிப்போனால் அந்தக் காடு என்ன ஆகும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கென்றே உலகம் முழுக்கப் பலபேர் விதவிதமான கணினி மாதிரிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். மழை, வெயில், மண் பற்றிய எண்களை உள்ளே கொடுத்தால், ஐம்பது வருஷம் கழித்து அங்கே என்ன நிற்கும் என்று ஒரு படம் போட்டுக் காட்டும். எங்கள் திட்டம் அப்படிப்பட்ட இரண்டு மாதிரிகளை ஒரே மலைக்கு ஓட்டி, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று ஒப்பிடுவது.

ஒன்றை நான் ஓட்டினேன். இன்னொன்றை ஓட்டியவர் பேரையூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அந்த மலையின் அடிவாரத்தில்தான் அவர் ஊர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். அவர் வீட்டிலிருந்து வரும் கம்மங்கூழும் எங்கள் வீட்டு இடியாப்பமும் மதியம் ஒரே மேசையில்தான் திறக்கப்படும்.

அவருடைய மாதிரி மேலிருந்து பார்ப்பது. அதற்கு வெக்காலி மரம் தெரியாது, உசிலை மரம் தெரியாது. இலை உதிர்க்கும் மரம், உதிர்க்காத மரம், புல். அவ்வளவுதான் அதன் உலகம். காற்றில் கரியமில வாயு கூடினால் இலைகள் குறைந்த தண்ணீரை வைத்துக்கொண்டே அதிகம் வளரும் என்பதை அது ரொம்பவும் நம்பியது. நிலத்தைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும்; ஒரு கட்டத்துக்குள் மலையும் அடங்கிவிடும், கீழே இருக்கும் ஊரும் அடங்கிவிடும். என்னுடையது தரையில் நின்று பார்ப்பது. ஒவ்வொரு மரத்தையும் முளைக்கவைத்து, வளர்த்து, ஒன்றின் நிழலில் இன்னொன்றைத் திணறவிட்டு, கடைசியில் சாகடிக்கும். முளைத்த கன்று ஒரு கோடையைத் தாண்டுமா என்பதுதான் அதன் கவலையெல்லாம். அது மலைச்சரிவுக்கு மட்டுமே தயார் செய்யப்பட்டிருந்தது.

ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மண்ணைத்தான் இரண்டுக்கும் கொடுத்தோம். அவர் படம் பச்சையாக வந்தது. மலையில் தொடங்கிய பச்சை சமவெளி வரைக்கும் இறங்கி வந்திருந்தது. என் படத்தில் பழைய மரங்கள் கொஞ்ச காலம் நின்றன. அவற்றின் கீழே கன்றுகளே இல்லை. பிறகு சரிவு முழுக்கப் புல்லும் முள்ளுமாகப் பழுப்பேறிப்போனது.

“என்னண்ணே இது, ரெண்டும் ஒரு மலைதானா?” என்றேன்.

“அதான் தங்கச்சி எனக்கும் தெரியல. எதையாச்சும் மாத்திக் கீத்திக் குடுத்துட்டமா?”

ஒவ்வொரு எண்ணாகத் திரும்பச் சரிபார்த்தோம். பிழை ஒன்றும் இல்லை. பிறகு, கடந்த கால மழையைக் கொடுத்து இரண்டையும் ஓட்டினோம். நடந்து முடிந்ததையாவது அவை சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டுமே. எங்களுக்கு முன்பு படித்தவர்கள் அந்தச் சரிவில் மரங்களுக்கு எண் பொறித்த தகரத் துண்டு அடித்து அளந்து வைத்திருந்தார்கள். இருவரும் அங்கே போய் மரம் மரமாகப் பார்த்தோம். வறட்சி ஆண்டுகளில் நிறையப் பட்டுப்போயிருந்தன. அவருடைய மாதிரி அந்த வறட்சியில் ஒரு மரத்தைக்கூடச் சாகடித்திருக்கவில்லை. என்னுடையது சாக வேண்டியதற்கும் மேலே சாகடித்திருந்தது. அதிலும் நிஜத்தில் தாக்குப்பிடித்து நின்ற உசிலையைப் போய்க் கொன்று வைத்திருந்தது.

“ரெண்டு பேருமே ஃபெயிலு,” என்று அவர் பாறையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாகத்தான் மலையிறங்கினோம். இரண்டு மாதிரிகள் எங்கே பிரிகின்றனவோ, அங்கேதான் நமக்குத் தெரியாத விஷயம் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தானே ஒப்பிடுவது? கன்றுகள் கோடையை எப்படித் தாண்டுகின்றன என்பதைச் சில வருஷம் நேரில் கவனித்தால் தவிர இந்த மலையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, அதுவரை இந்தப் படங்களை வைத்து எங்கேயும் எதையும் நட வேண்டாம் என்று வரைவில் எழுதினேன். அவரும் படித்துவிட்டு, “கரெக்டா இருக்கு தங்கச்சி,” என்றார்.

துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு எங்களை அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“ஏம்மா, காடு என்ன ஆகும்னு அதிகாரிங்க கேட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்து தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“தெரியாதுன்னு இல்ல சார். எது தெரியலைன்னு எழுதியிருக்கோம்.”

“மரம் நடுறதுக்கு ஒரு கம்பெனி ரெடியா நிக்குது. ரெண்டு படத்தக் கொண்டுபோய் வச்சா, நீங்க மொதல்ல பேசி முடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிருவாங்க. ஒரு படம் போதும்மா.”

எந்தப் படம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் வந்திருந்த கூட்டம் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்தது. திரையில் பச்சைப் படம் மட்டும் விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மதுரைச் சீமையில் வெயிலில் வெந்து பழகிய எந்தக் கண்ணும் அதை விரும்பத்தான் செய்யும். பேச்சு முடிந்ததும் நான் எழுந்து, இன்னொரு மாதிரியும் ஓட்டினோம், அது நேரெதிராகச் சொல்கிறது, இரண்டுமே பழைய வறட்சியைச் சரியாகச் சொல்லவில்லை என்றேன். அரங்கம் கொஞ்சம் அசைந்தது.

துறைத் தலைவர் சிரித்தபடியே மைக்கை வாங்கினார். “மேடம் ஓட்டுனது இன்னும் டெவலப்மெண்ட்ல இருக்கு. எது ஸ்டேபிளா இருக்கோ அதத்தான் நாம எடுத்துக்கணும்.” பிறகு என் பக்கத்தில் இருந்த பேரையூர்க்காரரைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க தம்பி. எது ஸ்டேபிளா இருக்கு?”

அவர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, “நான் ஓட்டுனது ஸ்டேபிளாத்தான் இருக்கு சார்,” என்றார்.

உண்மைதான். எந்த வறட்சியிலும் ஒரு மரத்தையும் சாகவிடாத கணினி மாதிரி நிலையாகத்தானே இருக்கும்?

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அவரை மறித்து நின்றேன். “ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?”

“நான் பொய் ஒண்ணும் சொல்லலியே. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அம்புட்டுத்தான்.”

“மலையில உக்காந்து ரெண்டும் ஃபெயிலுன்னு சிரிச்சீங்களே.”

அவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். “டிபார்ட்மெண்டுல ஒரு பெர்மனென்ட் போஸ்ட் காலியா இருக்குல்ல, அது எனக்கு வேணும் தங்கச்சி. இன்னும் எம்புட்டு நாளைக்கு இப்படியே ஓட்டுறது? உங்களுக்கென்ன, வீடு இருக்கு, கடை இருக்கு.”

கடை என் கூடப்பிறந்த அண்ணனுக்குப் போகும் என்பது அவருக்கும் தெரியும். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அந்த மாதத்தோடு விலகிக்கொண்டேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டபோது, “பேர எடுத்தா உள்ளுக்குள்ள ஏதோ தகராறுன்னு பேசுவாங்கம்மா. உனக்குத்தான் நாளைக்கு வேலை கெடைக்காது,” என்று துறைத் தலைவர் என் நலம் நாடுபவராகப் பேசினார். வீட்டில் அண்ணன், “ஒனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? பச்சையா வந்தா வந்துட்டுப் போகுது,” என்றான். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஒரு பயிற்சி மையத்தில் உயிரியல் எடுக்கப் போனேன். இன்றும் அதுதான் என் வேலை. நான்கு விடைகளில் ஒன்று மட்டும் சரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஐப்பசியில் நடவு தொடங்கியது. மலைச்சரிவில் காட்டுக்குள் நடுவது சுலபமில்லை. அனுமதி வேண்டும், பாதை வேண்டும். படத்தில்தான் பச்சை சமவெளி வரை இறங்கியிருந்ததே. ஆகவே அடிவாரத்து மேய்ச்சல் புறம்போக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே நின்ற உடைமரங்களையும் வெள்வேலையும் இயந்திரத்தை விட்டுப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மகாகனியும் வேங்கையும் நட்டு, சுற்றிலும் கம்பி வேலி போட்டார்கள். பத்திரிகையில் படம் வந்தது. துறைத் தலைவர் கன்றோடு குனிந்து நின்றார். பின்னால் பேனரில் அந்தப் பச்சைப் படம்.

மழை கொட்டித் தீர்த்துவிட்டுச் சட்டென்று நின்றுபோனது. மாசியிலேயே வெயில் ஏறியது. லாரியில் கொஞ்ச நாள் தண்ணீர் ஊற்றினார்கள், அப்புறம் லாரியும் வரவில்லை.

கோடையின் நடுவில் பேரையூர் அண்ணன் கூப்பிட்டார். அதற்குள் அவருக்கு அந்த வேலை கிடைத்திருந்தது. காளவாசலில் பயிற்சி மையத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் சந்தித்தோம். இளைத்திருந்தார்.

“கன்னு பூராம் காஞ்சுபோச்சு தங்கச்சி.”

“கேள்விப்பட்டேன்.”

“வேலிய மட்டும் எடுக்க மாட்டேங்குறாங்க. எங்க சித்தப்பா ஆட்ட எங்கிட்டுக் கொண்டுபோய் மேய்ப்பாரு? பாதிய வித்துட்டாரு. ஊருல எல்லாரும் என்னையத்தான் கேக்குறாங்க. ஒன் படத்த வச்சுத்தானடா அடச்சாங்கன்னு.” டீயை ஊதிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. “மனு குடுக்கப் போறாங்க. உங்க படத்தக் குடுங்க. அதுல மரம் வராதுன்னு இருக்குல்ல? மொதல்லயே தெரியும்னு காட்டலாம்.”

இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. அவர் கேட்பார், நான் எடுத்து நீட்டுவேன் என்று. ஆனால் நீட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

“என்னோடது மலையோட நின்னுருச்சுண்ணே. உங்களுக்குத் தெரியாதா? சமவெளிக்கு நான் ஓட்டவே இல்ல. அந்த மண்ணப் பத்தி என் படத்துல ஒண்ணும் கெடையாது.”

“மலையிலயே வராதுன்னா கீழயும் வராதுன்னுதான அர்த்தம்?”

“அப்படித்தான் உங்க பெரிய கட்டத்த வச்சு மலையில வந்தா கீழயும் வரும்னாங்க. அதே வேலைய நான் திருப்பிப் பண்ணணுமா?”

அவர் முகம் மாறியது. “மனசுல வச்சுக்கிட்டுப் பேசுறீங்க.”

வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடாது. “ரெண்டு மாதிரியாலயும் அந்த நெலத்தப் பத்திச் சொல்ல முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆடு மேயுற நெலம்னு ரெண்டுக்குமே தெரியாதுன்னு எழுதுறேன். அதுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“வேலையில சேந்து இன்னும் முழுசா ஒரு வருசம் ஆகல தங்கச்சி,” என்றார். பிறகு டீயை அப்படியே வைத்துவிட்டு, “வாரேன்,” என்று எழுந்து போனார். அந்தக் கடிதத்தைக் கேட்டுக்கூட அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. மனு கொடுத்தார்கள் என்றும், விஞ்ஞான அடிப்படையில் தேர்ந்த இடம் என்று பதில் வந்தது என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

துறைத் தலைவர்தான் கூப்பிட்டார். நடவின் அடுத்த கட்டத்துக்கு முன்பு, ஒரே ஒரு மாதிரியை நம்பலாமா என்று மேலே யாரோ கேட்டுவிட்டார்களாம்.

“வந்துரும்மா. இந்தத் தடவ ஒன்னோடதையும் சேத்துக்குவோம். ரெண்டையும் கூட்டிச் சராசரி போட்ருவோம், பிரச்சினையே இல்ல.”

“ஒண்ணு மரம் நிக்கும்னுது, ஒண்ணு செத்துரும்னுது. இதுல என்ன சார் சராசரி?”

“வெளிர்பச்சையா வரும்மா,” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துச் சொன்னார்.

வரவில்லை என்றேன். என் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். சென்ற மாதம் அந்தப் பெண் என் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். என் மாதிரியை எப்படி ஓட்டுவது என்று கேட்டாள். வகுப்பு முடிந்த காலி அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். உசிலையை அது அநியாயமாகச் சாகடிக்கும், அங்கே கவனம் என்றும் சொன்னேன். சில நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

“அக்கா, ரெண்டும் நேர் எதிரா வருது. நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் போல.”

“தப்பு இல்லம்மா. அப்படித்தான் வரும்.”

“அப்ப சார்கிட்ட நான் என்னக்கா சொல்லட்டும்?”

அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். நான் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை.