அம்பையிலிருந்து நெல்லைக்கு, கிரியேட்டினின் பார்க்க

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரரோடு அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. மூன்று வருடம் முன்பு அவருக்குக் கல்லீரல் மாற்றினார்கள், கொடுத்தது நான்தான். ஈரல் நன்றாக இருக்கிறது, இப்போது கெடுவது சிறுநீரகம். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், ஆறு மாதம் முன்பு 1.2 இருந்தது, போன மாதம் 2.1. இதற்குள் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டார்கள். இன்னும் ஏறினால் டயாலிசிஸ் என்றார் டாக்டர். நடமாடும் மனிதரை எதற்குப் படுக்க வைக்கிறார்கள் என்று எனக்கு ஆஸ்பத்திரி மேலேயே சந்தேகம்.

காலை 6.10 பஸ், ஆளுக்கு 30 ரூபாய். சேரன்மகாதேவி வழியாக 35 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் ஆறு நிறைந்து ஓடியது. ஆற்றுத் தண்ணீரில்தான் கோளாறு என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதையும் ஒரு முறை முறைத்து வைத்தேன்.

புதிய பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ 120 ரூபாய். "அங்கன எதுக்குப் போறிய அண்ணாச்சி? எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, இறக்கி விடுதேன்" என்றார் ஓட்டுநர். கமிஷன் ஆள்தான், வேறென்ன! சொன்ன இடத்துக்கு விட்டால் போதும் என்றேன்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி லேபில் இவருக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசியை என் கண்முன்னே பிரிக்கச் சொன்னேன். குழாயில் எழுதிய பெயரை இரண்டு தடவை வாசித்தேன். நர்ஸ் சிரித்தாள். பதினொரு மணிக்கு முடிவு வந்தது: 2.4. வேறு லேபில் பார்க்க வேண்டும் என்று சண்டைக்குப் போனேன்.

"வேற மாத்திரை எதுவும் குடுக்கியளாக்கா? மேல்வலி, கால்வலிக்கு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஒண்ணும் கிடையாது. சீட்டுல இருக்கதுதான். மணி தப்பாம நான்தான் குடுக்கேன்."

அவள் நகர்வதற்குள் இவர், "ஏட்டி, பஸ்ல உக்காந்தது முட்டு கடுக்கு" என்றார். பர்ஸிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீரோடு நீட்டினேன்.

"அக்கா, அது என்னது?"

"இது மாத்திரை இல்லம்மா. மெடிக்கல்ல குடுக்க செட்டு."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடையில் 'மேல்வலிக்கு ஒரு செட்' என்றால் மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். என் முதுகுவலிக்கு வாங்குவேன். ஆறு மாதமாக வாரம் இரண்டு, மூன்று அவருக்கும் கொடுத்து வந்தேன். எங்கள் தெருவில் அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நர்ஸ் பொட்டலத்தை உள்ளே கொண்டு போனாள். டாக்டரே எழுந்து வந்துவிட்டார். ஈரலைக் காக்கத் தின்னும் மாத்திரையே சிறுநீரகத்துக்குப் பாரமாம். இந்த வலி மாத்திரை அதன் மேல் இன்னொரு அடியாம். அன்றே அட்மிட். "என்ன மாத்திரைன்னு ஒரு தடவையாவது கேட்டியளா?" என்று அவமானத்தில் இவர் மேல் பாய்ந்தேன்.

"நீ தந்ததுதானட்டி, அதான் கேக்கல" என்றார் இவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இதே சோதனைக்குப் போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஈரல் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்பார்கள், அதனால் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும், கையில் எடுத்துப் போங்கள். சீட்டை மட்டும் காட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் பொட்டலம், புட்டி, லேகியம் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போய் மேசையில் கொட்டுங்கள்.

இன்று ஐந்தாம் நாள், 2.2. முழுக்க இறங்குமா என்று யாரும் சொல்லவில்லை. காலையில் நர்ஸ் தந்த மாத்திரையை, பெயரை மூன்று தடவை வாசித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். என்ன மாத்திரை என்றுகூடக் கேட்காமல் வாங்கி விழுங்கினார்.