மானுக்கு வைத்த புல்

அந்தப் பலகையை வாசித்துச் சொன்னது நான்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லட்டும், என்னிடம் சொல்ல முடியாது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு வளைகுடாவில் வேலை; அங்கே கராமா என்ற பகுதியில் எங்கள் வீடு. சித்தப்பா அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் தங்கி ஒரு குடோனில் வேலை பார்த்தார். ஒரு லீவு நாளில் மூவரும் காரில் பாலைவனத்துப் பக்கம் போனோம். மான்கறி தின்று பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஓர் ஆசை. நாக்குக்கு வந்த கேடு.

வேட்டை கூடாது, தீனி வைத்து இழுக்கவும் கூடாது என்று வேலியோரப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தமிழில் சொன்னேன்.

"பிள்ள வாசிச்சுச் சொல்லுகால்லா, வேண்டாம்ணே" என்றார் சித்தப்பா.

"சும்மா கெடலே. புல்லு வச்சா குத்தமா? புடிச்சாத்தான குத்தம். கடல்ல தூண்டில் போட எவன்ட்ட கேட்டோம்?"

அப்பா ஊரில் மீன் பிடித்தவர். புல்லைப் போட்டு, நைலான் கயிற்றில் சுருக்கு வைத்து, மறுமுனையை முள்மரத்தில் வள்ளம் கட்டும் முடிச்சாகப் போட்டார். மான் வரவில்லை. காவலரின் ஜீப்தான் வந்தது.

யார் வைத்தது என்று காவலர் இந்தியில் கேட்டாராம். புல் வைத்தாலே குற்றம் என்றாராம். எனக்கு அப்போது இந்தி புரியாது. அப்பா மாட்டினால் அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து விசா போகும். சித்தப்பா முன்னால் போய், தான்தான் வைத்ததாகச் சொல்லிவிட்டார்.

அவிழ்க்கச் சொல்லிக் காவலர் முடிச்சைக் காட்டினார். வள்ளத்தில் ஏறினாலே வாந்தியெடுக்கும் சித்தப்பாவுக்கு முடிச்சு எங்கே தெரியும்? இழுக்க இழுக்க இறுகியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்பா, நீங்க அவுத்துக் குடுங்க" என்றேன். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார். வலித்தது.

சித்தப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். "அவனுக்குச் சட்டம் தெரியாது" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார், கொஞ்சமும் கூசாமல். முடிச்சு அவிழ்க்கத் தெரியாததால்தான் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தபோது, "அந்த முடிச்சப் படிச்சிட்டு வாங்க, சித்தப்பா. அப்ப விட்டுருவாங்க" என்றேன்.

"செரி மக்கா, படிச்சிட்டு வாறேன்" என்றார்.

பக்கத்தில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.