மூன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்

சனிக்கிழமை காலை 6.50. அத்திபெலே நிறுத்தத்தில் சில்க் போர்டு பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். நிற்பதுதான் என் தொல்லையே. பொம்மசந்திராவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினோரு வருடமாக நின்றபடியே பாட்டில் மூடிகளைச் சரிபார்க்கிறேன். நான்கு வருடமாக இடுப்பில் வலி. இப்போது இடது கால்வரை இறங்குகிறது. லேபிள் ஒட்டும் பகுதியில் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யும் இடம் ஒன்று காலியானது. அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்க நினைத்து, வாய் திறக்கவே இரண்டு மாதம் ஆனது.

ஹெச்.ஆர். மேடம் சொன்னார்: "தொம்மலூர்ல ஒரு நாள் ட்ரெயினிங் இருக்கு. வலியை எப்படிச் சமாளிக்கிறதுன்னு சொல்லித் தருவாங்க. போய்ட்டு வாங்க. அவங்க பேப்பரைப் பார்த்துட்டு ஸ்டூலைப் பத்திப் பேசலாம்."

அதனால்தான் இந்தப் பயணம்.

7.10க்குப் பேருந்து வந்தது. "ஆதார் தோரிஸி" என்று கன்னடத்தில் கேட்டார் நடத்துனர். காட்டினேன். பெண்களுக்கு இலவசம், பூஜ்யம் ரூபாய் என்று அச்சிட்ட டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். உட்கார இடமில்லை. ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். சில்க் போர்டில் வேறு பேருந்து மாறி, தொம்மலூரில் இறங்கியபோது மணி 9.05. இனி நடக்க முடியாது என்று ஆட்டோ பிடித்தேன். ஒரு கிலோமீட்டருக்கு அறுபது ரூபாய். ஓட்டுநர் தமிழர்.

"ஆபீஸ் வேலையாக்கா?"

"இல்லைங்க. இடுப்பு வலிக்கு ஒரு ட்ரெயினிங்."

"வலிக்கு ட்ரெயினிங்கா? எனக்கு ட்ரெயினிங் இல்லாமலே நல்லா வருதேக்கா!"

நானும் சிரித்தேன். அன்று சிரித்தது அதுதான் முதல் தடவை.

9.30. மூன்றாம் மாடியில் பெரிய கூடம். பன்னிரண்டு பாய்கள் விரித்திருந்தார்கள்; நாற்காலி ஒன்றுகூட இல்லை. முதலில் ஒரு தாள் கொடுத்தார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்கள். பூஜ்யத்துக்கு மேல் சிரிக்கும் முகம், பத்துக்கு மேல் அழும் முகம். இப்போதைய வலிக்கு வட்டம் போடச் சொன்னார்கள். எட்டில் போட்டேன். பக்கத்துப் பாயில் கோலார் தங்கவயல்காரர் செல்வராஜ். வேறொரு கம்பெனியில் வாட்ச்மேன், முழங்கால் வலி. அவரும் எட்டு.

பயிற்சி கொடுத்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். அன்பான முகம். "வலியை விரட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து அதைப் பாருங்க" என்றாள். வலிக்காவது உட்கார இடம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

11 மணிக்கு ஆளுக்கு ஒரு உலர்திராட்சை கொடுத்து, அதை ஐந்து நிமிடம் மென்று சாப்பிடச் சொன்னாள். செல்வராஜ் என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாம்மா இது? எங்க கேண்டீன்ல முழுச் சாப்பாட்டுக்கே கால் மணி நேரம்தான். இதுல ரெண்டாவது தபா சோறு கேட்டு வேற நிக்கணும்."

மதியத்துக்கு மேல் படுக்கவைத்து, கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் இடமாக நினைத்துப் பார்க்கச் சொன்னாள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் இதமாக இருந்தது. ஆனால் அன்று முழுக்க நான் மூடி ஒன்றையும் சரிபார்க்கவில்லையே. படுத்திருந்தால் யாருக்குத்தான் இதமாக இருக்காது? எழுந்து நின்றதும் வலி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

4 மணி. மறுபடியும் அந்தத் தாள். அந்தப் பெண்ணே என் முன்னால் மண்டியிட்டு, பேனாவை நீட்டி, "இப்ப எவ்ளோ ஆன்ட்டி?" என்றாள். மதியம் என் தலைக்குத் தன் துப்பட்டாவை மடித்து வைத்தவள். யாராவது சமைத்துப் போட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தால், உப்பு இல்லை என்றா சொல்வோம்? மூன்றில் வட்டம் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செல்வராஜ் ஒன்பதில் போட்டார். "காலைல எட்டு. தரையில படுக்க வெச்சீங்க, இப்ப ஒன்பது" என்று அவளிடமே சொன்னார். வெளியே செருப்பு மாட்டும்போது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா போட்ட?"

"மூணுண்ணா."

"மூணா! லூசாம்மா நீ? அந்தப் பேப்பர் உங்க கம்பெனிக்குத்தான் போவுது. ஓடு, மாத்திக்குடு."

திரும்பிப் போனேன். அவள் ஃபோனில் தாள்களைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"உங்களோடதுதான் ஆன்ட்டி ஃபர்ஸ்ட் அனுப்பினேன். எட்டுலேர்ந்து மூணு! எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?"

"பாத்ரூம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

5.45. சில்க் போர்டில் அத்திபெலே பேருந்தில் ஏறினேன். மறுபடி பூஜ்யம் ரூபாய், மறுபடி நின்றபடி. பொம்மசந்திராவை நெருங்கும்போது ஹெச்.ஆர். மேடம் ஃபோன் செய்தார்.

"மூணுதானாமே! சூப்பர். அப்ப லைனிலேயே மேனேஜ் பண்ணிடுவீங்க. ஸ்டூலுக்கு வேற ஆளைப் போட்டுடறேன், சரியா?"

"சரிங்க மேடம்."

வண்டி நெரிசலில் நின்றது. ஜன்னல் வழியே எங்கள் கம்பெனிக்குத் திரும்பும் சாலை தெரிந்தது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். வலி கொஞ்சம் குறைந்தது. அவள் சொல்லிக்கொடுத்தது பொய் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து எட்டு மணி நேரம் நிற்பதற்கு அதுதான் எனக்குக் கிடைத்த கூலி.

7.40க்கு வீடு. கணவர் வீட்டில் இருக்கும் ஒரே நாற்காலியிலிருந்து எழுந்து, அதை என் பக்கம் தள்ளினார்.

"வலி எப்படி இருக்குது?"

"எட்டுங்க" என்றேன். எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.