தாம்பாளத்தில் வைத்த இலைகள்

நமக்குக் குளிர்காலம் கிடையாது. வருடக் கடைசியில் மழைதான். கிள்ளானில் மத்தியானம் வானம் கறுத்தால் இரவு வரை விடாது.

அந்த மழையில்தான் செடி அழுகியது. சதைப்பற்றுச் செடி, ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்கான இலை. என் மனைவி கேமரன் மலையில் வாங்கியது. அவள் போன பிறகும் அது இருந்தது. ஒருநாள் தொட்டேன், தண்டு கொழகொழவென்று கையோடு வந்தது. நல்ல இலைகளை மட்டும் பிடுங்கி எடுத்தேன். அதுவும் போனால் அவ்வளவுதான்.

இந்தச் செடி இலையிலிருந்தே முளைக்கும். போனில் ஒரு வெள்ளைக்காரன் காட்டுவதைப் பார்த்து வைத்திருந்தேன். பிடுங்கிய இடம் காய வேண்டும். வேர் வரும்வரை தண்ணீர் காட்டக்கூடாது. காயத்தில் பட்டைத்தூள் தடவச் சொன்னான். வீட்டில் மஞ்சள்தூள்தான் இருந்தது, அதைத் தடவினேன். பழைய தாம்பாளத்தில் கரித்தூளைப் பரப்பி, மேலே இலைகளை வட்டமாக அடுக்கினேன். பிளாட் வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அதனால் வாசலில் செருப்பு ரேக் மேல் வைத்தேன்.

கொஞ்ச நாளில் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிச் செத்தன. தினமும் ஒன்றிரண்டு. தட்டில் ஈரம் இருந்தது. சாரல் அவ்வளவு தூரம் வராது. பூனை என்று நினைத்தேன். பூனை மூத்திரம் நாறும், இது நாறவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு, லேசான புளிப்பு.

எதிர் வீட்டம்மா பூச்சோங்கிலிருந்து புதிதாகக் குடி வந்தவர். நான் வெளியே வந்தால் கதவைச் சாத்துவார். மாடிப்படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். சொல்லவில்லை. காலையில் காப்பியோடு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

வந்தார். கையில் சொம்பு. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தட்டில் தெளித்தார். கதவைத் திறந்தேன்.

"என்னம்மா செய்றீங்க?"

அவர் பதறவில்லை. "அத நான் கேக்கணும் அங்கிள். எங்க வாசலுக்கு நேரா மஞ்சள் தடவி, கரி போட்டு, என்னா வேல பாக்குறீங்க?"

"செடி வளக்குறேன்."

"தாம்பாளத்துலயா? மண்ணு இல்ல, தண்ணி இல்ல. எம்மவ முழுகாம இருக்கா. இங்க வந்ததுலேர்ந்து ஒரு வாய் சோறு தங்கல. எனக்குத் தெரியாதா லா?"

செய்வினை என்று நினைத்திருக்கிறார். அதை எடுக்கத்தான் எலுமிச்சையும் உப்பும் கரைத்த தண்ணீர்.

"மாசமா இருந்தா வாந்தி வரும்," என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் இன்னும் இறுகியது. வேர் விட்ட இலை ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினேன். நூல் மாதிரி சிவப்பு வேர். அவர் ஓரடி பின்னால் போனார்.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். வயிறு அப்போது தெரியவில்லை. தட்டை எட்டிப் பார்த்தாள். ஆபீஸில் எல்லார் மேசையிலும் இந்தச் செடிதான் என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மந்திரவாதியாம்மா இவரு? சட்டைக்கு பட்டன் கூட மாத்திப் போட்டிருக்காரு, பாவம்."

அம்மா சிரிக்கவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இலைகளைக் கழுவித் துடைத்தேன். உப்பு உள்ளே இறங்கிவிட்டது. அந்தச் சிவப்பு வேர் விட்டது மட்டும் தப்பியது. அதை அடுப்பங்கரை ஜன்னலில் வைத்தேன். தை பிறந்த சமயத்தில் வேருக்குப் பக்கத்தில் குட்டிச்செடி ஒன்று எட்டிப் பார்த்தது. பருப்பு அளவுதான் இருக்கும்.

அந்தம்மா ஒருநாள் வாசலில் நின்று, காட்டச் சொன்னார். காட்டினேன். தொடவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கா இம்புட்டு?" என்றார்.

மகளுக்கு இப்போது சோறு தங்குகிறதாம். தண்ணீர் தெளித்ததால் என்று அவர் நினைக்கிறார். நான் மறுக்கவில்லை.

செடி வளர்கிறது. வெளிச்சம் பற்றாமல் கழுத்து நீண்டு ஜன்னல் பக்கம் சாய்கிறது. பழையபடி வாசலில் வைத்தால் நேராக வரும். தெரியும். வைக்கவில்லை.